சொல்லுக்கு முன் பொருள்: ஓகேமல் மொழி புதிய தொடரியலை எடைபோட்ட விதம்

நிரல்மொழி ஒன்றில் எந்தச் சொல்லும் குறியும் எந்த வரிசையில் வந்தால் அது முறையான நிரல் என்று கம்பைலர் ஏற்கும் என்பதை வகுக்கும் விதிகளின் தொகுப்பு தொடரியல் எனப்படும். அப்படி ஏற்கப்பட்ட நிரல் ஓடும்போது என்ன நடக்கும் என்பதை வரையறுப்பது பொருண்மை எனப்படும். பொருண்மையில் செய்யப்படும் மாற்றத்தைப் பயனர்களில் பெரும்பாலோர் அறியாமலே கடந்துவிடக்கூடும். தொடரியலில் சேரும் ஒரே ஒரு குறியோ அம்மொழியில் எழுதும் எல்லோர் கண்ணிலும் படும், அதைக் கொண்டு நிரல்கள் எழுதப்பட்டுவிட்ட பிறகு திரும்பப் பெறுவதும் எளிதன்று. அதனால்தான் இப்படி எழுத ஒரு வசதி வேண்டும் என்று வரும் முன்மொழிவுகளை மொழியைப் பேணுவோர் ஆண்டுக்கணக்கில் எடைபோடுகின்றனர். அந்த எடைபோடுதல் நடக்கும் விதத்துக்கு ஓகேமல் என்னும் மொழியின் அண்மை வரலாறு நல்ல சான்றாக அமைகிறது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்குள்ள அந்த வரலாற்றில், நெடுநாள் பேசப்பட்ட ஒரு வசதி 2022 டிசம்பரில் தனக்கென ஒரு திறவுச்சொல்கூட இல்லாமல் மொழிக்குள் நுழைந்தது; அதற்குரிய சொல் 2025 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது.

ஓகேமல் சார்பு நிரலாக்க மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பள்ளிக் கணிதத்தில் வரும் சார்பு ஓர் உள்ளீட்டை வாங்கி ஒரு வெளியீட்டைத் தருவதுபோல, இம்மொழிகளில் நிரல் என்பது சார்புகளை ஒன்றோடொன்று கோப்பதாலேயே உருவாகிறது. எண்ணையும் சொல்லையும் போலச் சார்பும் ஒரு மதிப்பாகக் கருதப்படுவதால், அதை இன்னொரு சார்புக்கு உள்ளீடாகக் கொடுக்கவும் விடையாகப் பெறவும் முடியும். 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னர் உருவாக்கிய எம்.எல். மொழியின் வழித்தோன்றலாக, பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் 1996இல் ஓகேமல் வெளிவந்தது. கணிதத் தேற்றங்களைச் சரிபார்க்கும் 2025 வரை காக் எனப்பட்ட கருவி போன்றவை இதில் எழுதப்பட்டவை. சென்னை ஐ.ஐ.டி.யில் நிரலாக்க முறைகள் குறித்த பாடம் இம்மொழியைக் கொண்டு நடத்தப்பட்டிருக்கிறது. இதன் உறவு மொழியான ஹாஸ்கெல், சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய என்.பி.டெல். பாடத்தின் வழியாக, இணைய இணைப்புள்ள எந்த ஊர் மாணவருக்கும் கிடைக்கிறது.

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு நிரல் எழுதப்படுவதாகக் கொள்ளலாம். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் கொண்டுவரும் பூவை எடைபோட்டு எழுதிய சீட்டுகளிலிருந்து, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு உரியவற்றை மட்டும் பிரித்து, தொகையைக் கூட்டி, கமிஷனைக் கழித்துத் தருவது அந்நிரலின் வேலை. சார்பு நிரலாக்கத்தின் பழைய முறைப்படி அது இவ்வாறு எழுதப்படும்:

கமிஷன்_கழி (கூட்டு (மல்லி_மட்டும் சீட்டுகள்))

முதலில் நடக்கவேண்டிய வேலை கடைசியிலும், கடைசியில் நடக்கவேண்டியது முதலிலும் நிற்பதைக் காணலாம். இடையில் இன்னும் நான்கு படிகள் சேர்ந்தால் அடைப்புக்குறிகளை எண்ணிச் சரிபார்ப்பதே தனி வேலையாகிவிடும். இதற்கு மாற்றாக எஃப்-ஷார்ப் மொழியால் பரவலான |> என்னும் செயற்குறி, இடப்பக்கம் உள்ள மதிப்பை வலப்பக்கம் உள்ள சார்புக்குக் கொடுக்கிறது:

சீட்டுகள் |> மல்லி_மட்டும் |> கூட்டு |> கமிஷன்_கழி

வினையெச்சங்களை அடுக்கி, வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் தமிழ்த் தொடரமைப்புக்கு இவ்வடிவம் மிக நெருங்கியது. சீட்டுகளை எடுத்து, மல்லியைப் பிரித்து, கூட்டி, கமிஷனைக் கழி என்று சொல்லிப் பழகிய ஒருவருக்கு இரண்டாம் வடிவம் தானாகவே புரியும். ஆயினும் ஓகேமல் பேணுநர்கள் இதை ஏற்றதற்குப் படிப்பதற்கு எளிது என்பது மட்டும் காரணமன்று. இதை ஏற்க மொழியின் தொடரியலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவேண்டியிருக்கவில்லை என்பதே முதன்மையான காரணமாக இருந்திருக்க வேண்டும். ஓகேமலில் குறிகளைச் சேர்த்துப் புதிய செயற்குறியை யார் வேண்டுமானாலும் வரையறுத்துக்கொள்ளலாம், அதன் முன்னுரிமை தொடக்கக் குறியைப் பொறுத்துத் தானாகவே தீர்மானமாகிவிடும். பலரும் தத்தம் நிரல்களில் தனித்தனியே வரையறுத்து வைத்திருந்த ஒரு வரிச் சார்பைத்தான் 2013இல் வந்த 4.01 பதிப்பு பொது நூலகத்தில் சேர்த்தது. அதைப் பயன்படுத்தாதவருக்கு அதனால் ஒரு செலவும் இல்லை. அதே குறியை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சேர்ப்பதற்கான முன்மொழிவோ, அங்கே செயற்குறிகள் தொடரியலின் பகுதியாக இருப்பதால், அதன் வடிவம் எப்படி இருக்கவேண்டும் என்ற வாதத்தில் பல ஆண்டுகளைச் செலவிட்டது.

ஆக, ஒரு முன்மொழிவை எடைபோடும்போது கேட்கப்படும் முதல் கேள்வி, மொழியின் எந்த அடுக்கில் அது கைவைக்கிறது என்பதே. நூலகத்தில் ஒரு சார்பைச் சேர்ப்பது மிக மலிவானது. ஏற்கெனவே உள்ள வாக்கிய வடிவத்துக்குள் புதிய கிளை ஒன்றைச் சேர்ப்பது அதைவிடச் செலவுள்ளது. எல்லாவற்றிலும் கூடுதல் விலை கேட்பது புதிய திறவுச்சொல். திறவுச்சொல் என்பது மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்டு, நிரலாளர் பெயராகப் பயன்படுத்தத் தடைவிதிக்கும் சொல். எனவே ஒரு சொல் புதிதாகத் திறவுச்சொல்லாக்கப்படும் நாளில், அதுவரை அச்சொல்லைத் தம் மாறிகளுக்குப் பெயராக வைத்திருந்த எல்லா நிரல்களும், எழுதியவர் ஒரு தவறும் செய்யாமலே, பழுதாகிவிடுகின்றன. கம்பைலரைத் தவிர, நிரலை வண்ணமிட்டுக் காட்டும் எடிட்டர், ஒழுங்குபடுத்தும் கருவி, பாடநூல், ஆசிரியரின் குறிப்பு ஆகிய அனைத்தும் திருத்தப்பட வேண்டும். புதிய வடிவத்தை ஒருபோதும் எழுதாதவரும் மற்றவர் எழுதியதைப் படிப்பதற்காக அதைக் கற்றாக வேண்டும். முன்மொழிபவர் தம் கணக்கில் சேர்க்க மறப்பது பெரும்பாலும் இந்தச் செலவைத்தான்.

ஒருமுறை தொடரியலில் புகுந்த பிழை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஓகேமலின் மேட்ச் வாக்கியமே எடுத்துக்காட்டு. ஒரு மதிப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பக் கிளை பிரியும் இவ்வாக்கியத்துக்கு முடிவுக் குறி கிடையாது. அதனால் ஒரு மேட்சின் கிளைக்குள் இன்னொரு மேட்ச் எழுதப்பட்டால், வெளி வாக்கியத்துக்குரிய அடுத்த கிளைகளையும் உள் வாக்கியம் தன்னுடையவை என்று இழுத்துக்கொள்ளும். அடைப்புக்குறி போட்டால்தான் தப்பிக்க முடியும். புதிதாகக் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதில் இடறுகிறார். இது குறை என்பதில் கருத்து வேறுபாடு குறைவு, ஆனால் முடிவுக் குறியைக் கட்டாயமாக்கினால் அதுவரை எழுதப்பட்ட நிரல்கள் அனைத்தும் உடையும் என்பதால் அது அப்படியே தொடர்கிறது.

இத்தகைய செலவுகளைத் தவிர்க்க, தொடரியலைப் பயனரே விரும்பியபடி நீட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் வழியையும் ஓகேமல் ஒரு காலத்தில் முயன்று பார்த்தது. கேம்ல்பி4 என்னும் முன்செயலி, கம்பைலர் நிரலைப் படிப்பதற்கு முன்பே அதை வாங்கி, பயனர் வகுத்த புதிய தொடரியல் விதிகளின்படி படித்து, வழக்கமான ஓகேமலாக மாற்றிக் கொடுத்தது. விளைவு எதிர்பார்க்கக்கூடியதே: ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு கிளைமொழியை வளர்த்துக்கொண்டது, எடிட்டர்களுக்கும் பிற கருவிகளுக்கும் எந்தக் கோப்பு எந்த விதிகளின்படி எழுதப்பட்டது என்று தெரியவில்லை, ஒரு திட்டத்தின் நீட்சி இன்னொன்றின் நீட்சியோடு மோதியது. 2014இல் வந்த 4.02 பதிப்பு கேம்ல்பி4ஐ மொழியின் தொகுப்பிலிருந்து விலக்கி, பிபிஎக்ஸ் என்ற கட்டுப்பாடான முறைக்கு இடங்கொடுத்தது. இம்முறையில் தொடரியல் எல்லோருக்கும் ஒன்றே. சதவீதக் குறி இட்ட சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நீட்சிக்கு அனுமதி உண்டு. அந்த நீட்சியும் எழுத்து வரிசையில் கைவைக்காமல், கம்பைலர் ஏற்கெனவே பகுத்து வைத்த மரவடிவத்தை மட்டுமே மாற்றலாம். எதையும் வளைக்கலாம் என்ற உரிமையைக் கைவிட்டு, எல்லோரும் படிக்கக்கூடிய ஒரே எழுத்துமுறையைச் சமூகம் தேர்ந்துகொண்டது. இந்தப் பேரத்தில் ஓகேமல் பெற்றதே அதிகம் என்று சொல்லலாம்.

ஒரே தேவை எத்தனை வேடம் போட்டு வந்தது என்பதைப் பார்த்தால் எடைபோடுதலின் நுட்பம் விளங்கும். வலையமைப்பிலிருந்து தரவு வரும்வரை நிரல் வெறுமனே நிற்காமல் வேறு வேலைகளைக் கவனிக்க உதவும் எல்டபிள்யூடி என்னும் நூலகம் ஓகேமலில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அதில் ஒவ்வொரு காத்திருப்பும், விடை பின்னர் கிடைக்கும் என்று உறுதி சொல்லும் ஒரு மதிப்பைத் தரும்; அந்த மதிப்பைப் பிரித்து அடுத்த படிக்குக் கொடுக்க >>= என்னும் செயற்குறியும், ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய சார்புகளும் வேண்டியிருந்தன. படிப்பதற்குக் கடினமான இந்த வடிவத்தை மறைக்க, முதலில் கேம்ல்பி4 வழியாக ஒரு தனித் திறவுச்சொல் சேர்க்கப்பட்டது, கேம்ல்பி4 போனபின் பிபிஎக்ஸ் வழியாக, லெட் என்ற சொல்லின் பின்னே சதவீதக் குறியும் நூலகத்தின் பெயரும் ஒட்டிய வடிவம் வந்தது, 2019இல் 4.08 பதிப்பு லெட்* என்ற பொதுவடிவத்தை மொழியிலேயே ஏற்றது. இந்த மூன்றாவது தீர்வு நேர்த்தியானது: மொழி வாக்கிய வடிவத்தை மட்டும் தருகிறது, அதன் பொருளை ஒவ்வொரு நூலகமும் தானே வரையறுத்துக்கொள்கிறது, புதிய திறவுச்சொல் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் மூன்றுமே ஒரே நோய்க்கு மேற்பூச்சு மருந்துகள். கணிப்பை நடுவில் நிறுத்தி வைத்துப் பின்னர் தொடரும் ஆற்றல் மொழியின் பொருண்மையில் இல்லை என்பதே உண்மையான குறை. அந்தக் குறையைத் தொடரியலால் மூடி மறைக்கலாமே தவிர நீக்க முடியாது.

அதை நீக்கிய வேலையில்தான் தமிழ்நாட்டின் பங்கு வருகிறது. பல கருக்களைக் கொண்ட செயலிகளில் ஓகேமல் நிரல் ஒரே நேரத்தில் பல கருக்களிலும் ஓடவேண்டும் என்ற நோக்கில் மல்டிகோர் ஓகேமல் திட்டம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஸ்டீபன் டோலன், லியோ வைட், அனில் மாதவபெத்தி ஆகியோருடன் அதில் உழைத்த கே.சி. சிவராமகிருஷ்ணன் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகி அங்கிருந்து அதை முன்னெடுத்தார். இணையோட்டத்தோடு கூடவே அத்திட்டம் கொண்டுவந்தது எஃபெக்ட் கையாளி என்னும் கருத்து. கோர்டன் பிளாட்கினும் மத்தியா பிரெட்னாரும் 2009இல் கோட்பாட்டளவில் முன்வைத்த இக்கருத்தை, பெருமளவில் பயன்பாட்டில் உள்ள மொழி ஒன்றின் உள்ளே, பழைய நிரல்களைக் கெடுக்காமல் பொருத்துவது எப்படி என்பதே இவர்களுடைய ஆய்வு.

எஃபெக்ட் என்பது கணிப்பின் நடுவே எழுப்பப்படும் கோரிக்கை. பூக்கடை நிரலில் தொகையைக் கணக்கிடும் சார்புக்கு, ஒவ்வொரு சீட்டையும் எடுக்கும்போது அந்தப் பூவின் அன்றைய விலை தேவைப்படுகிறது. முகூர்த்த நாளில் மல்லியின் விலை காலைக்கும் மதியத்துக்கும் இடையிலேயே மாறிவிடும் என்பதால் அதை முன்கூட்டியே பட்டியலிட்டுக் கொடுக்கவும் முடியாது. அந்தச் சார்பு, விலை வேண்டும் என்று ஒரு கோரிக்கையை எழுப்பிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. அதை அழைத்த வெளிச்சூழலில் உள்ள கையாளி கோரிக்கையைப் பெறுகிறது. அதோடு, நின்ற இடத்திலிருந்து மீதியுள்ள கணிப்பு முழுவதும் ஒரு மதிப்பாகக் கட்டப்பட்டு அதன் கையில் கொடுக்கப்படுகிறது. இந்த மீதிக் கணிப்புக்குத் தொடர்ச்சி என்று பெயர். கையாளி விலையைத் தரவுத்தளத்தில் தேடலாம், சோதனை ஓட்டமாக இருந்தால் எழுதிவைத்த பட்டியலிலிருந்து எடுக்கலாம், விலை வரும்வரை வேறு கடைக் கணக்கைப் பார்த்துவிட்டு வரலாம். விலை கிடைத்ததும் தொடர்ச்சியை அவ்விலையோடு எழுப்பிவிட்டால், கணக்கிடும் சார்பு எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். விதிவிலக்கு என்று நிரலாளர் அறிந்த வசதிக்கும் இதற்கும் வேறுபாடு இதுதான்: விதிவிலக்கில் நின்ற கணிப்பு செத்துவிடுகிறது, இங்கே அது உயிரோடு காத்திருக்கிறது. ஓகேமலில் ஒரு தொடர்ச்சியை ஒருமுறை மட்டுமே எழுப்பலாம் என்ற கட்டுப்பாடு உண்டு, அது வேகத்துக்காக ஏற்றுக்கொண்டது.

இவ்வசதியைப் பயன்படுத்தாத பழைய நிரல்கள் இதற்காகச் சராசரியாக 1 சதவீத வேக இழப்பையே சந்திக்கின்றன என்று 2021இல் வெளியான ஆய்வுக்கட்டுரை காட்டியது. மொழியை நீட்டிப்போர் எல்லோரும் இப்படியொரு எண்ணைத் தர வேண்டியது அவசியம். தொடரியல் முன்மொழிவுகளில் அது அரிதாகவே கிடைக்கிறது, ஏனெனில் படிப்பவரின் மனச்சுமையை அளக்கும் தராசு யாரிடமும் இல்லை. கணினியியலாளர் பிலிப் வாட்லர் பாதி வேடிக்கையாகச் சொன்ன ஒரு விதியும் உண்டு: மொழி வடிவமைப்பு விவாதங்களில் பொருண்மைக்குச் செலவாகும் நேரத்தைப் போல இருமடங்கு தொடரியலுக்கும், அதைப் போல இருமடங்கு எழுத்துக்குறிகளுக்கும், அதையும் விட இருமடங்கு குறிப்புரையை எந்தக் குறிக்குள் எழுதுவது என்பதற்கும் செலவாகும் என்பது அது. அளக்க முடியாததைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லலாம் என்பதே காரணம்.

மல்டிகோர் திட்டத்தின் சோதனைக் கிளையில் எஃபெக்டை அறிவிக்கவும் கையாளவும் தனித் தொடரியல் இருந்தது. பலர் அதில் நிரல்களும் எழுதிப் பார்த்தனர். ஆனால் 2022 டிசம்பரில் 5.0 பதிப்பாக அது முதன்மை மொழியோடு இணைந்தபோது அந்தத் தொடரியல் விலக்கப்பட்டு, வசதி மட்டும் சில நூலகச் சார்புகளாக உள்ளே வந்தது. இது சோதனை நிலையில் உள்ளது, பின்னர் மாறக்கூடும் என்று மொழியின் கையேடு வெளிப்படையாகவே எச்சரித்தது. ஒரு சார்பு எந்தெந்தக் கோரிக்கைகளை எழுப்பும் என்பதை, மதிப்புகளின் வகைகளைச் சரிபார்க்கும் ஓகேமலின் வகைமுறை கண்காணிப்பதில்லை என்பது இதில் முக்கியமான சிக்கல். கையாளி இல்லாத இடத்தில் கோரிக்கை எழுந்தால், கம்பைலர் முன்பே எச்சரிக்காது. நிரல் ஓடும்போதுதான் பழுது தெரியும். பின்னொரு நாள் வகைமுறை அதைக் கண்காணிக்கத் தொடங்கினால், அதற்குப் பொருந்தாத தொடரியல் அதற்குள் ஊரெங்கும் பரவியிருக்கக்கூடாது.

தொடரியல் இல்லாமல் அவ்வசதியைப் பயன்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. பூவின் விலைக் கோரிக்கை ஒன்றைக் கையாள, மூன்று புலங்களைக் கொண்ட ஒரு பதிவை எழுதவேண்டும்: கணிப்பு முடிந்தால் செய்யவேண்டியது, விதிவிலக்கு எழுந்தால் செய்யவேண்டியது, கோரிக்கை எழுந்தால் செய்யவேண்டியது. மூன்றாவது புலத்தில் உள்ள சார்பு எந்த வகை விடையைக் கேட்கும் கோரிக்கையையும் ஏற்கவேண்டும் என்பதால், அதன் தலையில் வகைக்கென ஒரு பெயரை வெளிப்படையாக அறிவித்து, கோரிக்கையை மேட்ச் செய்து, தெரிந்த கோரிக்கை என்றால் தொடர்ச்சியை வாங்கும் இன்னொரு சார்பை ஓர் உறையில் இட்டுத் திருப்பி, தெரியாததென்றால் வெற்று உறையைத் திருப்ப வேண்டும். செய்ய நினைத்த வேலை ஒரு வரி. அதைச் சுற்றிய சடங்கு ஆறேழு வரி. எனினும் அந்த இரண்டாண்டுகள் வீணாகவில்லை. இதை அடிக்கடி எழுதியவர்களில் பெரும்பாலோர் நூலக ஆசிரியர்கள்; சாதாரணப் பயனர் அவர்கள் கட்டிய நூலகத்தைத்தான் பயன்படுத்தினார், கையாளியை நேரடியாக எழுதவில்லை. எழுதியவர்கள் எந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்பதும் அப்போது தெரிந்தது.

2025 ஜனவரியில் வந்த 5.3 பதிப்பு ஏற்ற வடிவம், ஓகேமலின் ஆங்கிலத் திறவுச்சொற்களை இங்கே தமிழெழுத்தில் தந்தால், இவ்வாறு அமையும்:

மேட்ச் கணக்கிடு சீட்டுகள் வித்
| தொகை -> தொகை
| எஃபெக்ட் (விலை பூ), தொடர்ச்சி -> கண்டின்யூ தொடர்ச்சி (இன்றைய_விலை பூ)

முதல் கிளை, கணிப்பு இயல்பாக முடிந்த நிலை. இரண்டாவது, நடுவில் விலைக் கோரிக்கை எழுந்த நிலை. இங்கே புதிய வாக்கியம் எதுவும் உருவாக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மேட்ச் வாக்கியத்தில் விதிவிலக்குக்கென ஒரு கிளையை எழுதும் வசதியை 2014இலேயே 4.02 பதிப்பு தந்திருந்தது. அந்தக் கிளையின் பக்கத்தில் அதே தோற்றத்தில் இன்னொரு கிளை வந்து உட்கார்ந்திருக்கிறது. விதிவிலக்கை அறிந்தவர் இதைப் பார்த்த மாத்திரத்தில் பாதி புரிந்துகொள்வார். சோதனைக் கிளையில் இருந்த தொடரியலில் ஒரு பாதியையே இப்பதிப்பு ஏற்றது என்பதும் முக்கியம்: கோரிக்கையைக் கையாளும் பாதிக்கு இடம் கிடைத்தது, கோரிக்கையை அறிவிக்கும் பாதி, ஏற்கெனவே உள்ள வகை அறிவிப்பின் மூலமே முடியும் என்பதால், வெளியே விடப்பட்டது. ஒரு கோரிக்கையோடு கையாளியின் பணி முடிந்துவிடும் மேலோட்டமான கையாளி என்னும் அரிதான வகைக்கும் தொடரியல் தரப்படவில்லை. அதற்கு இன்றும் நூலகச் சார்புதான்.

விலை கொடுக்கப்படாமல் இல்லை. எஃபெக்ட் என்ற சொல் திறவுச்சொல்லானதால், அப்பெயரில் மாறி வைத்திருந்த பழைய நிரல்கள் கம்பைலரிடம் அடிபட்டன. அதற்குப் பரிகாரமாக, எந்தப் பதிப்பின் திறவுச்சொற் பட்டியலைப் பின்பற்றவேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரு தெரிவும் அதே 5.3 பதிப்பில் சேர்க்கப்பட்டது, 5.2 பதிப்பின் பட்டியலைக் கேட்டால் அச்சொல் மீண்டும் சாதாரணப் பெயராகிவிடும். இன்னொரு பக்கம், எல்டபிள்யூடிக்காக மூன்று தலைமுறையாகத் தேடப்பட்ட தொடரியல் வசதிகளின் தேவையே புதிய நூலகங்களில் குறைந்துவிட்டது. எஃபெக்ட் கையாளியின் மேல் எழுந்த உள்ளீடு-வெளியீட்டு நூலகங்களில் காத்திருக்கும் நிரலும் காத்திருக்காத நிரலும் ஒரே தோற்றத்தில் எழுதப்படுகின்றன. தொடரியலுக்கான கோரிக்கை ஒன்று நெடுநாள் ஓயாமல் ஒலித்தால், குறை தொடரியலில்தான் இருக்கிறதா என்று முதலில் ஐயப்படுவது பயன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வைக் காண்பது கடினம்.

ஹாஸ்கெல் இதே கேள்விக்கு வேறுவிதமாக விடைகாண்கிறது. அதன் முதன்மைக் கம்பைலரான ஜி.ஹெச்.சி.யில் நூற்றுக்கு மேற்பட்ட நீட்சிகள் உண்டு. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வேண்டிய நீட்சியின் பெயரை எழுதிக்கொண்டால் அந்தக் கோப்புக்கு மட்டும் அது செயல்படும். பயன்படுத்தாதவரின் நிரல் உடையாது என்பது இதன் பலம். ஒரே மொழியின் இரண்டு கோப்புகள் வெவ்வேறு இலக்கணத்தில் இருக்கலாம் என்பது பலவீனம். சார்புகளைக் கோக்கும் குறியாக ஹாஸ்கெல் முற்றுப்புள்ளியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. பதிவின் புலத்தை எடுக்கவும் அதே புள்ளியைப் பயன்படுத்தும் நீட்சி 2021இல் 9.2 பதிப்பில் வந்தபோது, புள்ளியின் இருபுறமும் வெற்றிடம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும் நிலை உண்டாயிற்று. சேர்த்ததை விலக்கிய துணிவும் அம்மொழிக்கு உண்டு: ஓர் எண்ணை 'ஏதோ ஒன்று கூட்டல் 1' என்ற வடிவத்தில் மேட்ச் செய்யும் வசதி 1998இன் தரநிலையில் இருந்து, குழப்பமே மிஞ்சியது என்பதால், 2010இன் தரநிலையில் நீக்கப்பட்டது.

ஓகேமலுக்கே மாற்றுத் தோற்றம் தரும் முயற்சியும் நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோருக்குப் பழகிய வளை அடைப்புக்குறிகளோடு, பொருண்மையை அப்படியே வைத்துக்கொண்டு ஃபேஸ்புக் 2016இல் வெளியிட்ட ரீசன் அத்தகையது. தோற்றம் மட்டுமே வேறு என்று தொடங்கிய அதிலிருந்து, ரீஸ்கிரிப்ட் 2020இல் பிரிந்து தனி மொழியாகவே போய்விட்டது.

தமிழ் படிப்பவருக்கு நெருக்கமான இன்னொரு தொடரியல் கேள்வியும் இங்கே திறந்தே கிடக்கிறது. மேலே தமிழ்ப் பெயர்களோடு காட்டப்பட்ட நிரலை ஓகேமல் கம்பைலர் ஏற்காது. எஃபெக்ட் என்ற திறவுச்சொல் சேர்ந்த அதே 5.3 பதிப்பு, ஆங்கில எழுத்துகளுக்கு அப்பால் பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய ஐரோப்பிய மொழிகளின் இலத்தீன் எழுத்துகளையும் பெயர்களில் அனுமதித்து, அத்துடன் நின்றது. தமிழைச் சேர்ப்பது எழுத்துப் பட்டியலை நீட்டும் சிறு வேலை போலத் தோன்றினாலும் உண்மையில் அது தொடரியல் முன்மொழிவு. ஓகேமலில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர் ஒரு குறிப்பிட்ட வகை மதிப்பைக் குறிக்கும். சிறிய எழுத்தில் தொடங்கும் பெயர் எதையும் ஏற்கும் மாறியைக் குறிக்கும். தமிழுக்கோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. மேட்ச் வாக்கியம் ஒன்றின் முதல் கிளையில் மல்லி, இரண்டாவதில் பிச்சி, மூன்றாவதில் கனகாம்பரம் என்று எழுதி, கம்பைலர் தமிழ்ப் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாகக் கருதினால், மல்லி என்பது மாறியாகி எந்தப் பூவையும் ஏற்றுக்கொள்ளும். சந்தைக்கு வந்த பூவெல்லாம் மல்லி விலைக்கே கணக்கிடப்படும். பின்னுள்ள கிளைகள் பயனற்றவை என்ற எச்சரிக்கை மட்டுமே நிரலாளருக்குக் கிடைக்கும்.

ஜி.ஹெச்.சி. இத்தகைய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாகவே கொள்கிறது. அதனால் ஹாஸ்கெலில் மதிப்பு வகைகளின் பெயர்கள் தமிழெழுத்தில் தொடங்க முடியாது. இதற்கு மாற்றாக, அத்தகைய பெயருக்கு முன் ஒரு குறியைக் கட்டாயமாக்கலாம். அப்படியொரு குறியைத் தேர்ந்த முன்னுதாரணம் தமிழிலேயே உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழி, சார்பு நிரலாக்க மொழி அன்று என்றாலும், நிபந்தனையை முதலிலும் 'ஆனால்' என்ற திறவுச்சொல்லை அதன் பின்னும் வைத்துத் தமிழ்த் தொடரமைப்பைப் பின்பற்றுகிறது. திறவுச்சொல் பின்னால் வருவதால், நிபந்தனை தொடங்கும் இடத்தை @ என்ற குறி காட்டுகிறது. ஓகேமலில் அதுபோன்ற குறி ஒன்று ஏற்கப்பட வேண்டுமானால், அது ஏற்கெனவே எந்தச் செயற்குறியிலும் இடம்பெறாததாகவும், தமிழுக்கு மட்டுமன்றி இந்தி, அரபு, ஜப்பானியம் என எழுத்தில் பெரிது சிறிது இல்லாத எல்லா மொழிகளுக்கும் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் தனி எழுத்துகளாக அன்றி ஒட்டுக்குறிகளாகவே வகைப்படுத்தப்பட்டிருப்பதால், பெயரின் நடுவில் அவற்றை அனுமதிக்கும் விதியையும் அதே முன்மொழிவு வகுத்துத் தர வேண்டும். பைத்தான் 2008இல் 3.0 பதிப்பிலேயே இந்தக் கடைசிப் பகுதியைத் தீர்த்துவிட்டது. பெரிய எழுத்துக்குத் தொடரியல் பொருள் எதுவும் தராத மொழி என்பதால் முதல் சிக்கல் அதற்கு எழவே இல்லை.